அக்கா, உன் மகள் பேன்கேக் சாப்பிட்டாள்

என் தனம் அக்காவுக்கு,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். உன் மகள் யமுனாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் சௌக்கியம். இப்படி இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்ல நம் வீட்டுக்கு எத்தனை வருஷம் ஆகிவிட்டது, பார்த்தாயா?

உன்னை அறியாத யாராவது இதைப் படித்தால், அவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். யமுனா காலையில் பிறந்தாள். அன்று பொழுது சாய்வதற்குள் நீ போய்விட்டாய். அடைமழைக் காலம். ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். உனக்கு ரத்தம் நிற்கவில்லை, வண்டியும் வந்து சேரவில்லை. அதற்குமேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு இப்போதும் கை வராது.

உன் பெண்ணை நான்தான் வளர்த்தேன். என்னைச் சித்தி என்பாள், உன் வீட்டுக்காரரை நைனா என்பாள். மாமா மறுகல்யாணம் வேண்டாமென்று ஏரியும் வலையுமாகவே இருந்துவிட்டார். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். சாப்பாடு என் வீட்டில். போன வருஷம் யமுனாவுக்குக் கல்யாணம் செய்து மீஞ்சூருக்கு அனுப்பினோம். மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அதிகம் பேசமாட்டார், ஆனால் அவள் முகம் வாடினால் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

ஒருநாள் போன் வந்தது. "சித்தி, நாள் தள்ளிப் போயிருக்குது"ன்னு சொன்னாள். "நல்ல சேதிடி, நல்லா இரு"ன்னு சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்ததும் சமையல்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம் வராமல் இல்லை அக்கா. ஆனால் அதற்கு முன்னால் உன் முகம் வந்து நின்றுவிட்டது.

கொஞ்ச நாளில் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். குடித்த தண்ணீர்கூட அவள் வயிற்றில் தங்கவில்லை. மாப்பிள்ளை ஷிப்டுக்குப் போய்விட்டால் வீட்டில் யாருமில்லை. என்னிடம் இருந்தால் தேறிவிடுவாள் என்று நினைத்தோம். ஒன்றை மட்டும் மறந்துவிட்டோம். நம் குப்பத்தில் மீன் வாடை இல்லாத இடம் எங்கே இருக்கிறது, சொல்? மீன்தலைக்காகச் சண்டை போட்டு வளர்ந்தவள், பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

கருவாடு காயும் வாடை, வலை வாடை, என் புடவை, என் கை எல்லாமே அவளுக்குக் குமட்டியது. மாமா அன்றைக்கே வலைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்க் கரையில் ஒரு கொட்டகையில் போட்டுவிட்டார். ஏரியிலிருந்து வந்தால் அடிபம்பில் சோப்பு போட்டுத் தேய்த்துக் குளித்த பிறகுதான் தெருவுக்குள் நுழைவார். அப்போதும் வீட்டுக்குள் வரமாட்டார். ஜன்னலுக்கு வெளியே தள்ளி நின்றுகொண்டு, "நைனா இங்கதான் கீறேன்மா, உனுக்கு இன்னா வேணும்?"னு கேட்பார். அவள் கையை மட்டும் ஆட்டுவாள். நான் மீன் சமைப்பதை நிறுத்தினேன். என் வீட்டுக்காரர் காட்டுப்பள்ளியில் வேலை செய்யும் இடத்திலேயே சாப்பிட்டுவிட்டு வந்தார், ஒரு வார்த்தை முனகவில்லை.

கஞ்சி கொடுத்தேன், இட்லி கொடுத்தேன். எலுமிச்சம்பழச் சோறு, பொரி, ரஸ்க் எல்லாம் பார்த்தாயிற்று. உள்ளே போனது எதுவும் நிற்கவில்லை. கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு தெரிய ஆரம்பித்தது. ஊரிலுள்ள நர்சம்மா ரத்தம் பரிசோதித்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ரத்தம் ரொம்ப கம்மியா இருக்குதும்மா. மாத்திரை சாப்பிடுறாளா?"

"சாப்பிடுறாம்மா. உடனே வெளிய வந்துடுது."

"வெறும் வயித்துல போட்டா அப்படித்தான். முதல்ல வயித்துல ஏதாச்சும் நிக்கட்டும், அப்புறம் குடுங்க. இப்படியே போச்சுன்னா பெரிய ஆஸ்பத்திரியில சேக்கணும். பிரசவத்துல கொஞ்சம் போனாலும் தாங்குற அளவுக்கு உடம்புல ரத்தம் இருக்கணும்ல?"

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். என் காதில் விழுந்தது வேறு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு மழைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அன்றைக்குச் சுள்ளென்று வெயில், அக்கா.

இப்படி இருக்கும்போது ஒரு மத்தியானம், கண்ணை மூடிப் படுத்திருந்தவள், "சித்தி, பேன்கேக் கிடைக்குமா?"ன்னு கேட்டாள்.

"இன்னாது? பன்னா, கேக்கா?"

"ரெண்டும் இல்ல சித்தி..."

அவள் முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை, நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வாயைத் திறந்து ஒன்று கேட்டாளே! பாலத்தைத் தாண்டி ஊருக்குள் போய், எதற்கும் இருக்கட்டும் என்று பன்னும் கேக்கும் இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்து நின்றேன். அவள் இரண்டு பொட்டலத்தையும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரிப்பு முடியும் முன்பே குமட்டலும் வந்துவிட்டது, அது வேறு.

அப்புறம் பொறுமையாகச் சொன்னாள். கல்யாணத்துக்கு முன் வேலை பார்த்தபோது ஏதோ பயிற்சிக்காகப் பெங்களூரில் ஒரு ஹோட்டலில் தங்க வைத்தார்களாம். அங்கே காலையில் கொடுத்தது. மைதாவும் பாலும் கலந்து சுடுவது. தோசை மாதிரி வட்டம், ஆனால் ஒரு விரல் உயரம். "பஞ்சு மாதிரி இருந்துச்சு சித்தி. ஒரு வாடையும் இல்ல. அத நெனைச்சா மட்டும் எனக்குக் குமட்டல."

மாப்பிள்ளையிடம் போனில் சொன்னேன். மறுநாளே மீஞ்சூர் கடையிலிருந்து ரெடிமேட் மாவுப் பாக்கெட் வாங்கிக்கொண்டு ஓடிவந்தார். பிரித்ததும் எசன்ஸ் வாசனை வீடு முழுக்க அடித்தது. யமுனா மூக்கைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். அந்தப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற நிலையைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது. "விடுங்க, நான் வீட்டுலயே பண்றேன்"னு சொல்லிவிட்டேன். தெரிந்தா சொன்னேன்? இத்தனை வருஷம் தோசை சுட்ட கை, இதையா சுடாது என்ற நினைப்பு.

முதல் தடவை, போனில் ஒரு வீடியோ பார்த்துக் கரைத்து, நம் தோசைக்கல்லில் ஊற்றினேன். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனவள் அப்படியே கீழே வைத்துவிட்டாள். "சித்தி, இந்தக் கல்லுல மீன் வறுத்தியா?"

வறுத்ததுதான். எத்தனையோ வருஷமாக வறுத்த கல். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருந்தேன். அது அவள் மூக்குக்குப் போதவில்லை. வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த மாமா சட்டையை மாட்டிக்கொண்டு பொன்னேரிக்குப் பஸ் ஏறினார். திரும்பி வரும்போது கையில் ஒரு புது நான்ஸ்டிக் கல். பஸ்ஸில் யார் கையும் பட்டுவிடக் கூடாதென்று அட்டைப்பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

புதுக் கல்லில் சுட்டேன். நன்றாக எழும்பட்டும் என்று ஆப்பசோடாவைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டேன். எழும்பியது. ஆனால் வாயில் வைத்தால் சோப்பு. அடுத்த தடவை சோடாவை விட்டுவிட்டு, நம் மளிகைக் கடையில் பேக்கிங் பவுடர் வாங்கிப் போட்டு, கட்டியில்லாமல் இருக்கவேண்டுமென்று கை வலிக்க வலிக்க அடித்துக் கரைத்தேன். தட்டையாக, இழுத்தால் நீளும் ஒன்று வந்தது. யமுனா பாவம், எனக்காக ஒரு துண்டு கடித்தாள். "பரவால்ல சித்தி"ன்னு சொன்னாள். உடனே எழுந்து வெளியே போனாள்.

அன்றைக்குத்தான் மும்தாஜ் ஞாபகம் வந்தது. உன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த அதே மும்தாஜ்தான். ஊருக்குள் அதே பழைய வீட்டில் இருக்கிறாள். பிறந்தநாளுக்கெல்லாம் வீட்டிலேயே கேக் செய்து கொடுக்கிறாள். வழியில் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான். அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கு உன் ஞாபகம் வரும், அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அதனால் இரண்டு பேருமே நின்று பேசமாட்டோம்.

கதவைத் திறந்தவளிடம் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தனத்து பொண்ணுக்கா?" ஆமாம் என்றதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "உள்ள வா"ன்னு சொன்னாள்.

நான் கொண்டுபோயிருந்த பேக்கிங் பவுடரை ஒரு சிட்டிகை எடுத்துச் சுடுதண்ணீரில் போட்டாள். சும்மா அடியில் போய் உட்கார்ந்தது. அவளுடையதைப் போட்டாள், புஸ்ஸென்று பொங்கியது. "பாத்தியா? உன்னுது கடையிலயே பழசாயிடுச்சு. இத வெச்சுகினு நீ இன்னா அடிச்சாலும் எழும்பாது."

காய்ச்சி ஆறிய பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்து, அது லேசாகத் திரிந்து கெட்டியாகும்வரை வைத்தாள். மைதாவைச் சலித்து, பவுடரும் உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்தாள். முட்டை கவிச்சி ஆகாது என்று சொல்லியிருந்ததால் அதை விட்டுவிட்டாள். உருக்கிய வெண்ணெயைப் பாலோடு சேர்த்து மாவில் ஊற்றி, கரண்டியை என் கையில் கொடுத்தாள். நான் வழக்கம்போல அடிக்க ஆரம்பித்தேன்.

"ஏன்டி இப்படி அடிக்கிற? மாவு உனுக்கு இன்னா பாவம் பண்ணுச்சு? காஞ்ச மாவு தெரியாத அளவுக்குக் கலந்தா போதும். கட்டி கட்டியா கீதா? இருக்கட்டும், விடு. அடிச்சா ரப்பராயிடும். கொஞ்ச நேரம் அப்படியே வை, அடுப்ப சிம்ல வை."

கல் காய்ந்ததும் ஒரு கரண்டி ஊற்றினேன். ஊற்றிய வேகத்தில் என் கை தானாகவே சுற்றிப் பரப்பப் போய்விட்டது. மும்தாஜ் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "பரப்பாத. கைய எடு. அது தானா எழும்பும். மேல ஓட்ட ஓட்டயா வரும், ஓரம் காயும், அப்போ ஒரே ஒரு தடவ திருப்பு. திருப்பிட்டு அமுக்காத. அமுக்குனன்னா போச்சு."

சமையல்கட்டில் ஒன்றும் செய்யாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியுமே. நின்றேன். மேலே சின்னச் சின்னதாய்க் குமிழ் வந்து உடைந்தது. திருப்பினேன். அக்கா, அது என் கண் முன்னால் உப்பியது! ஆப்பத்தின் நடுப்பாகம் மாதிரி, ஆனால் முழுசும் அப்படியே. விரலால் தொட்டால் உள்ளே போய்த் திரும்ப எழுந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி தின்றோம். தின்றுகொண்டே மும்தாஜ் அழுதாள். "தனம் இருந்தா இன்னேரம் நம்மள கிண்டல் பண்ணிகினு இருப்பா"ன்னு சொன்னாள். அவளிடமிருந்த பவுடர் டப்பாவை அப்படியே என் பையில் போட்டு அனுப்பினாள்.

மறுநாள் காலையில் எல்லாம் எடுத்து வைத்தேன். மாமா ஜன்னலுக்கு வெளியே நின்று, "கஸ்தூரி, கொஞ்சம் பொறு"ன்னு தடுத்தார். "காத்து இப்போ ஏரிப் பக்கத்துலேந்து வருது. கருவாட்டு வாடையெல்லாம் இங்கதான் வரும். கடக்காத்து எழும்பட்டும், அப்பால அடுப்பு மூட்டு." நாங்கள் காத்திருந்தோம். வெயில் ஏறியதும் கடல் பக்கத்திலிருந்து காற்று திரும்பியது. வாடையெல்லாம் ஏரிப் பக்கம் போய்விட்டது. கிழக்கு ஜன்னலைத் திறந்துவிட்டுக் கல்லை வைத்தேன்.

சுட்டதை ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தேன். யமுனா முதலில் மோந்து பார்த்தாள். அப்புறம் ஒரு துண்டு பிய்த்தாள். மென்றாள். இன்னொரு துண்டு. ஒன்றை முழுசாகத் தின்று முடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் பக்கத்தில் பாத்திரத்தோடு தயாராக உட்கார்ந்திருந்தேன். வெளியே கவிழ்த்துப் போட்டிருந்த படகின்மேல் மாமா உட்கார்ந்திருந்தார். எனக்கு மூச்சுவிடக்கூட பயமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கண்ணைத் திறந்தாள். நான் பாத்திரத்தைத் தூக்கினேன்.

"அது வேணாம் சித்தி. இன்னொண்ணு குடு."

வெளியே திரும்பி, "மாமா, இன்னொண்ணு கேக்குறா!"ன்னு கத்திவிட்டேன். தெருவே எட்டிப் பார்த்தது. மாமா படகிலிருந்து இறங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டார்.

இரண்டாவதையும் தின்றுவிட்டு மாத்திரையைப் போட்டாள். நின்றது அக்கா. அவள் தூங்கிவிட்டாள்.

அதற்கப்புறம் தினமும் அதுதான். கொஞ்சம் கொஞ்சமாக மைதாவைக் குறைத்துக் கேழ்வரகு மாவு சேர்த்தேன். வாழைப்பழத்தை மசித்துப் போட்டேன், பேரீச்சம்பழத்தை ஊறவைத்து அரைத்துப் போட்டேன். கேழ்வரகு சேர்ந்தால் கொஞ்சம் கனக்கும், அதனால் திரிந்த பாலை ஒரு கரண்டி அதிகமாக ஊற்றவேண்டும். அதையும் நானே கண்டுபிடித்தேன். ஒன்று நின்றதும் மற்றதும் நிற்க ஆரம்பித்தது. கஞ்சி நின்றது, சோறு நின்றது. அடுத்த பரிசோதனையில் நர்சம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா குடுத்தீங்க?"னு கேட்டார். "பேன்கேக்"ன்னு சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மாத்திரை வேல செய்யுது, இத விடாதீங்க. அந்தக் கேக்கையும் விடாதீங்க"ன்னு சொல்லிச் சிரித்தார்.

அப்புறம் ஒருநாள் யமுனா வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள். எனக்குத் திக்கென்றது. "சித்தி, யார் வூட்டுலயோ இறா தொக்கு செய்றாங்க. போய்க் கொஞ்சம் வாங்கினு வர்றியா?"ன்னு கேட்டாள். அன்று சாயங்காலமே மாமா கொட்டகையிலிருந்து வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, முன்போல வாசலில் கொட்டி உட்கார்ந்து சிக்கெடுத்தார். அவள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

பிரசவ நாளன்று வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ரோடு காய்ந்திருந்தது. வண்டி உடனே வந்தது. மத்தியானம் குழந்தை அழுத சத்தம் கேட்டது. குழந்தையோடு வெளியே வந்த நர்ஸ் "பொண்ணு"ன்னு சொன்னாள். எல்லாரும் குழந்தையை எட்டிப் பார்த்தார்கள். நான் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ரத்தம்? ரத்தம் நின்னுச்சா?"

"எல்லாம் சரியா இருக்குதும்மா. கைய விடுங்க, வலிக்குது."

யமுனாவை வார்டுக்குக் கொண்டுவந்ததும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அடிக்கடி போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். "இன்னா சித்தி, என்னையே பாத்துகினு கீற? குழந்தையப் பாரு"ன்னு சொன்னாள். குழந்தையை மாப்பிள்ளை வைத்திருந்தார். எனக்கு உன் குழந்தையைத்தான் பார்க்கவேண்டியிருந்தது.

மாமா உள்ளேயே வரவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் மேற்கே பார்த்தபடி நிற்பதை ஜன்னல் வழியே பார்த்தேன். வெயில் மங்கி, விளக்கெல்லாம் போட்ட பிறகுதான் வந்தார். யமுனா நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "பொழுது சாஞ்சிடுச்சு கஸ்தூரி"ன்னு சொன்னார். இரண்டு பேரும் ஒன்றாக அழுதோம். யமுனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "சந்தோஷப்படுங்கன்னா அழுவுறீங்களே"ன்னு திட்டினாள்.

மறுநாள் விடியும்போது ஒன்று தோன்றியது, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நீ அம்மாவாக இருந்த நேரத்தைவிட உன் மகள் அதிக நேரம் அம்மாவாக இருந்துவிட்டாள். அதை நினைத்தபோது துக்கமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். இல்லை அக்கா. யாரோ கனமான கூடையை என் தலையிலிருந்து இறக்கி வைத்தது போல இருந்தது.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். நேற்று குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே யமுனா கேட்டாள். "சித்தி, அம்மா எப்படிப் பேசுவாங்க?" இத்தனை வருஷத்தில் அவள் இப்படிக் கேட்டதே இல்லை. உன் பேரை எடுத்தாலே எங்கள் முகம் போகும் போக்கைப் பார்த்துக் கேட்காமலே இருந்திருப்பாள். எனக்கு உன்னைப் பற்றி எங்கே ஆரம்பித்தாலும் அந்த மழையில் போய்த்தான் நிற்கும். நேற்று நிற்கவில்லை.

நீ மீன் ஏலம் விடுகிறவரை மாதிரியே இடுப்பில் கையை வைத்து, குரலை இழுத்து, உதட்டைக் கோணி ஏலம் விட்டுக் காட்டுவாயே. என்னை ஒரு கூடை நண்டு என்று சொல்லி, "கடிக்கிற நண்டு, யார் கேக்குறீங்க, கடிக்கிற நண்டு!"ன்னு தெருவெல்லாம் சிரிக்க என்னை ஏலம் விடுவாயே. அதை எழுந்து நின்று அப்படியே செய்து காட்டினேன். யமுனா சிரித்த சிரிப்பில் குழந்தை பால் குடிப்பதை விட்டுவிட்டு விழித்தது. பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினால் கதவுக்கிட்ட மாமா. "இல்ல கஸ்தூரி, அவ இன்னும் மூக்கால பேசுவா"ன்னு சொல்லிவிட்டு, அக்கா, அவர் செய்து காட்டினார்! அந்த மனுஷருக்குள் இத்தனை வருஷமாக உன் குரல் இருந்திருக்கிறது.

இனி உன் கதையை நீ போன நாளில் ஆரம்பிக்கமாட்டேன். இந்தக் குழந்தைக்கு முதலில் தெரியப்போவது நீ எப்படிச் சிரிக்க வைப்பாய் என்பதுதான். மற்றதை, அவள் வளர்ந்து தானே கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

நீ ஏலம் விட்டும் யாருக்கும் கொடுக்காத
உன் தங்கச்சி,
கஸ்தூரி